நெஞ்சும் மாரும் தோளும்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை செல்லும் வழியில், ஏறத்தாழ 35 கிலோமீற்றர் வடக்கே, குச்சவெளி என்னும் கடற்கரையூர் இருக்கின்றது. அங்கே கரைவலை இழுக்கும் ஒருவர் வைத்தியசாலைக்குச் சென்று, "ஐயா, நெஞ்சு நோகுது" என்று சொல்லுகின்றார் என வைத்துக்கொள்வோம். சொற்கள் எளியவை, கேட்கும் வைத்தியருக்கோ வேலை எளிதன்று. கயிறிழுத்த களைப்பால் தசை நோகின்றதா? இரைப்பையின் அமிலம் மேலேறி எரிகின்றதா? இருதயத்துக்கு இரத்தம் போதாமற் போயிற்றா? 'நெஞ்சு' என்னும் ஒரு சொல் இம்மூன்றுக்கும் இடங்கொடுக்கின்றது.

பழைய இலக்கியத்தில் நெஞ்சு என்பது பெரும்பாலும் மனத்தையே குறிக்கும். உடம்பில் வெளியே தோன்றும் உறுப்புக்கு மார்பு, ஆகம், அகலம் என வேறு பெயர்கள் இருந்தன. அகன்றிருப்பதனால் அகலம், இதற்கு விளக்கம் வேண்டுவதில்லை. உரம் என்னும் சொல்லுக்கு வலிமை என்பது ஒரு பொருள். மார்பு என்னும் பொருள் 'உரஸ்' என்ற வடசொல்வழி வந்தது. மார்பால் ஊர்வதனாலேயே பாம்புக்கு உரகம் என்று பெயர்.

மார் என்பதை மார்பின் கொச்சை வடிவம் எனச் சிலர் எண்ணுவர். எனக்கோ மார் என்பதே அடிச்சொல்லாகத் தோன்றுகின்றது. இரு கைகளையும் விரித்து, ஒரு கையின் விரல்நுனியிலிருந்து மார்பின் குறுக்கே மறு கையின் விரல்நுனிவரை அளந்தால், அந்த நீளமும் ஒரு மார். ஏறக்குறைய 6 அடி. கன்னடமும் மலையாளமும் இவ்வளவைக் குறிக்க இச்சொல்லின் வடிவங்களையே வழங்குகின்றன. நம் கடலோரத்தார் இதனைப் பாகம் என்பர். ஆங்கில மாலுமிகள் கடலாழத்தை அளக்கும் 'ஃபதம்' என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்தில் விரித்த கைகளையே குறித்தது. கயிற்றை அளக்கும் மீனவருக்கு அளவுகோல் தம் உடம்பே.

இனித் தோளுக்கு வருவோம். பழம்புலவர் தோள் என்று சொல்லும்போது, பல இடங்களிலே முழங்கைக்கு மேலுள்ள புயத்தையும் சேர்த்தே சொல்லினர். தோள்வளை அணியப்பட்ட இடம் எதுவென்று எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். தோளிற் சுமக்கும் தடிக்குக் கா என்று பெயர். பாணர் தம் இசைக்கருவிகளை அதிலே தொங்கவிட்டுக்கொண்டு ஊர் ஊராய்ச் சென்றனர். காவுதல் என்னும் வினையும் காவடியும் அதனோடு பிறந்தவை. தமிழகத்துப் பேச்சில் அவ்வினை அருகிவிட்டது. நாமோ பிள்ளையையும் காவுகின்றோம், தண்ணீர்க் குடத்தையும் காவுகின்றோம்.

கழுத்தின் கீழே, மார்பின் மேல்விளிம்பிலே, இருபுறமும் குறுக்கே கிடக்கும் எலும்பு காறையெலும்பு. காறை என்பது கழுத்தைச் சுற்றி அணியும் ஓர் அணிகலன். இதே எலும்பை இலத்தீன்காரர் சிறு திறவுகோல் என்றனர். நம்மவர் கண்ணுக்கு அது நகையாகத் தோன்றியது! முதுகுப்புறத்துத் தட்டையான எலும்பு தோட்பட்டை.

இத்தகைய சொற்களைக் கொண்டு மேனாட்டு வைத்தியம் கற்பிக்க இயலுமா என்ற ஐயம் புதிதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1860களிலேயே மாணவருக்குத் தமிழிற் கற்பித்தார். உடற்கூறு பற்றிய 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வெளிவந்தது. பெயரிலே வடமொழி மிகுந்திருந்தாலும், அந்நூல் தமிழறிந்த மாணவனுக்காக எழுதப்பட்டது.

மீண்டும் நம் குச்சவெளியாரிடம் வருவோம். இருதயத்திலிருந்தும் இடது கையிலிருந்தும் வரும் நரம்புகளிற் பல முள்ளந்தண்டின் அதே பகுதிகளைச் சென்றடைகின்றன. ஆதலின் இருதய நோவு இடது தோளிலும் கையிலும், சிலவேளை தாடையிலும் தோன்றும். நாள்தோறும் வலை இழுப்பவர் தோள் நோவைத் தொழிலின் நோவென்று தள்ளிவிடக்கூடும்; ஆபத்து அங்கேதான் இருக்கின்றது. "நெஞ்சு நோகுது" என்பதோடு நில்லாது, நெஞ்சை அமுக்குகின்றதா, எரிகின்றதா, தோளுக்குப் பரவுகின்றதா, வியர்க்கின்றதா, மூச்சு முட்டுகின்றதா என்பதையும் அவர் சொல்லவேண்டும். அமுக்குவதும் பரவுவதும் வியர்ப்பதும் சேர்ந்து வந்தால், வலையைப் பிறர் கையிற் கொடுத்துவிட்டு, அந்த நேரமே வைத்தியசாலைக்குப் புறப்படவேண்டும்.