நாலு மணிக்கு எந்தப் பாங்கு திறந்திருக்கிறது?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஒரு நாள் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். ஊரெல்லாம் உறங்கும், அங்கே மட்டும் திருவிழாக் கூட்டம்! ராயபுரத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வந்த மீன்காரப் பெண்கள் ஏலத்தைச் சுற்றி நிற்பார்கள். கையில் காசு இருந்தால்தான் கூடை நிரம்பும். கூடை நிரம்பினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

அந்தக் காசு எங்கிருந்து வருகிறது?

பாங்கு திறக்கப் பத்து மணி ஆகும். தண்டல்காரரோ எந்நேரமும் தயார். ரூ. 10,000 என்று எழுதிக்கொண்டு, ரூ. 8,500 எண்ணி வைப்பார். தினம் நூறாக நூறு நாளில் அடைக்க வேண்டும். "ஆயிரத்தைந்நூறுதானே!" என்று தோன்றும். ஆனால் கடன் நாளுக்கு நாள் குறைகிறதல்லவா? வருஷக் கணக்கில் பார்த்தால் வட்டி நூறு சதவிகிதத்தைத் தாண்டிவிடும்!

பாங்கில் வட்டி குறைவுதான். 1972-லேயே ஏழைகளுக்கு 4 சதவிகித வட்டியில் கடன் தரும் திட்டம் வந்தது. திட்டம் நல்லதே, பாங்கின் வாசற்படிதான் உயரம். படிவம், ஜாமீன், "நாளைக்கு வாருங்கள்" என்ற பதில். ஒரு நாள் அங்கே காத்திருந்தால் ஒரு நாள் வியாபாரம் போயிற்று!

இந்தச் சங்கடத்தைப் புரிந்துகொண்டவர் ஜெயா அருணாசலம். அரசியலை விட்டு விலகி, 1978-ல் சென்னையில் 'ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்' என்ற அமைப்பை 800 பெண்களுடன் தொடங்கினார். அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றார்கள்; சொத்து ஜாமீன் இல்லாத குறையை அது தீர்த்தது. முதலில் பாங்குக் கடனைத்தான் வாங்கிக் கொடுத்தார்கள். பாங்கில் தாமதம் தீராமல் போகவே, 1981-ல் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கமே அமைத்துக் கொண்டார்கள். ஆமதாபாத்தில் 'சேவா' பெண்கள் 1974-லேயே சொந்த பாங்கு கண்டிருந்தார்கள். வங்க தேசத்தில் யூனுஸின் கிராமீன் பாங்கு 1983-ல் பிறந்தது.

அப்படியானால் குழுக் கடனே மேல் என்று சொல்லிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். பிற்பாடு லாபம் கருதும் கம்பெனிகளும் இந்தத் தொழிலில் இறங்கின. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று ஆந்திராவில் பல குடும்பங்கள் சிக்கிக்கொண்டன. 2010-ல் அந்த அரசு சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியதாயிற்று. வீட்டு வாசலுக்கே வரும் கடன், வசூலுக்கும் வீட்டு வாசலுக்கே வரும் அல்லவா?

வட்டி சொல்லும் விதத்திலும் சூட்சுமம் உண்டு. ரூ. 12,000 கடனுக்கு 'பிளாட்' வட்டி 12 சதவிகிதம் என்றால், மாதம் ரூ. 1,120 வீதம் பன்னிரண்டு தவணை. அசல் மாதாமாதம் குறைந்தும் வட்டி குறைவதில்லை. ஆகவே உண்மையான வட்டி 21 சதவிகிதத்துக்கும் மேல்!

2022-ல் ரிசர்வ் பாங்கு போட்ட விதிகளைப் பெண்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கடன் அட்டை, வாங்குகிறவருக்குத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் தவணை கேட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் இருக்கிறது. அதுதான் சுய உதவிக் குழு. 1992-ல் நபார்டு 500 குழுக்களைப் பாங்குகளோடு இணைத்துப் பார்க்கத் தொடங்கியது. முதலில் சேமிப்பு, பிறகு கடன் என்பது அதன் முறை. பாங்கின் குறைந்த வட்டியும் கிடைக்கிறது. அண்டை வீட்டுப் பெண்களின் துணையும் கிடைக்கிறது. தனியாகத் தொழில் செய்கிறவர்களுக்கு 2015-ல் வந்த முத்ரா திட்டம் இருக்கிறது, அதில் ரூ. 50,000 வரையுள்ள 'சிசு' கடனுக்கு ஈடு தேவையில்லை.

நாளை உங்கள் வாசலில் மீன்காரம்மா கூடையை இறக்கும்போது, விலையில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்வதற்கு முன் அவர் கடன் அட்டையை ஒரு தடவை கேட்டு வாங்கிப் பாருங்கள். அவர் சம்மதித்தால், ஒரு காகிதத்தில் அந்தக் கணக்கை இருவருமாகச் சேர்ந்து போட்டுப் பார்க்கலாமே!