முந்த வேண்டியது முந்தட்டும்



ஜமாஅத்தாகப் பர்ளுத் தொழுகை நடந்துகொண்டிருக்கும் வேளையில், ஒருவர் தனியே நின்று நபில் தொழத் தொடங்குவாரா? மாட்டார். நபிலும் நன்மையே; ஆயினும் பர்ளுக்குரிய இடம் அதற்கில்லை. பள்ளிவாசலில் இவ்வரிசையைப் பேணும் நாம், தொழிலில் மட்டும் அதனை மறந்துவிடுவதேன்?

கடையைத் திறந்தவுடன் தொலைபேசி மணி ஒலிக்கிறது, தெரிந்தவர் வருகிறார், சில்லறை வேலைகள் சூழ்ந்துகொள்கின்றன. மாலைவரை ஓயாது உழைக்கிறோம். ஆனால், இன்று தருவதாக வாக்களித்த கடன் தரப்படவில்லை; வேலையாளின் கூலிக்கணக்குப் பார்க்கப்படவில்லை. அவசரமானவை நம்மைக் கூவி அழைத்தன. முக்கியமானவையோ மௌனமாகக் காத்துக்கிடந்தன.

அவசரம் வேறு, முக்கியம் வேறு என்னும் இவ்வுண்மையை அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவரும் 1954-ஆம் ஆண்டு தாம் ஆற்றிய உரையொன்றில் எடுத்துரைத்தார்.

ஆகவே அன்பர்களே! சுபுஹுத் தொழுகைக்குப் பின் ஒரு தாளை எடுங்கள். இன்று தவறினால் பிறர் உரிமை பாழாகும் பணி எது? அதனையே முதலில் எழுதுங்கள், முதலில் முடியுங்கள். பிறர் செய்யக்கூடியதைப் பிறரிடம் ஒப்படையுங்கள். மற்றவை காத்திருக்கட்டும்.

நேரமும் ஓர் அமானிதமே. அதற்கும் கணக்கு உண்டு என்பதை மறவாதிருப்போமாக!