பின்விளக்கு பேசினால்

கேமரன் மலையின் கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் மலைச்சாலையில் பிற்பகல் பனிமூட்டம் கவிந்துவிட்டால், முன்னே போகும் காய்கறி லோரியின் சிவப்பு விளக்குதான் நமக்கு வழிகாட்டி. ஆனால் லோரி லேசாகப் பிரேக் போடுகிறதா, அடியோடு நிற்கப்போகிறதா என்று அந்த விளக்கு சொல்வதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் வண்டி ஏறக்குறைய 17 மீட்டர் போய்விடும். விளக்கைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போகவே அவ்வளவு நேரமாகிறது. வரிசையில் நான்காவதாக வருபவருக்கு இந்தத் தாமதம் மேலும் கூடிவிடும்.

அந்த விளக்கையே பேச வைக்க முடியும். எல்.இ.டி. விளக்கைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைத்து ஏற்றலாம். எரிந்தால் ஒன்று, அணைந்தால் பூஜ்யம். வேகம் எவ்வளவு, பிரேக் எவ்வளவு அழுத்தம் என்பதெல்லாம் இந்தச் சிமிட்டலில் அடங்கிவிடும். பின்வண்டியின் ஒளி உணரி அதைப் படித்து, தன் பின்விளக்கு வழியாக அடுத்த வண்டிக்குக் கடத்தும். பத்தாவது வண்டிக்கும் நொடியில் சிறு பகுதிக்குள் எச்சரிக்கை போய்விடும். வெளிச்சத்தில் செய்தி அனுப்புவது புதிதல்ல. கிரகாம் பெல் 1880-லேயே சூரிய ஒளியில் குரலை அனுப்பிக் காட்டினார். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஹரால்ட் ஹாஸ் 2011-ல் இதற்கு லைஃபை என்று பெயரிட்டுப் பரவலாக அறியச் செய்தார்.

மலைச்சாலை இதற்குக் கடினமான களம். பனித்துளிகள் ஒளியைச் சிதறடிக்கும். கொண்டை ஊசி வளைவில் மலைச்சுவர் அதை முற்றாக மறைத்துவிடும். இதே செய்தியை ரேடியோ அலையிலும் அனுப்பலாம்; அதற்குப் பனி ஒரு பொருட்டல்ல, வளைவையும் ஓரளவு தாண்டும். அதனால் ஒளியை மட்டும் நம்புவது தவறு, இரண்டும் வேண்டும் என்பதே என் கருத்து. ஒளிக்கும் தனிச் சிறப்பு உண்டு: நேரே தெரியும் வண்டியின் செய்தி மட்டுமே வரும், எங்கோ போகும் வண்டியோடு குழம்பாது. வளைவு முனையில் உணரியும் விளக்கும் பொருத்திய கம்பம் நட்டால், எதிரே ஏறிவரும் பேருந்தைப் பற்றிய செய்தியை இந்தப் பக்கம் திருப்பித் தரும்.

பழைய இழை பல்பால் இது முடியாது, சூடான இழை அணைய நேரம் பிடிக்கும். கேமரன் மலையில் இன்னும் ஓடும் பழைய லேண்ட்ரோவர்களுக்கும் லோரிகளுக்கும் முதலில் எல்.இ.டி. பின்விளக்கு பொருத்தியாக வேண்டும்.