மண் வேண்டாத மலர்ச்செடி

மானிப்பாயிலே வீட்டு முற்றங்களில் மல்லிகையும் செவ்வரத்தையும் வளர்ப்பது புதிதன்று. குழி தோண்டி, எருவிட்டு, கிணற்று நீரை வார்த்தால் அவை செழித்துவிடும். அதே அன்போடு ஓர்க்கிட் செடியொன்றை மண்ணில் நட்டு நாள்தோறும் நீர் வார்ப்பவர், சில கிழமைகளுள் அது அழுகி மடிவதைக் காண்கிறார். ஓர்க்கிட் மலைநாட்டுக்கே உரியது, யாழ்ப்பாண வெயில் அதற்கு ஆகாது என்று முடிவு கட்டிவிடுகிறார். இம்முடிவு பிழையானது. செடியை மாய்த்தது வெயிலன்று. அதன் வேரின் இயல்பை அறியாமற் செய்த உபசாரமேயாகும்.

இலங்கையில் இயற்கையாக வளரும் ஓர்க்கிட் இனங்கள் 180க்கும் மேற்பட்டவை. அவற்றுள் வெசாக் மலர் எனப்படும் டென்றோபியம் மக்கார்த்தியே, ஈரவலயக் காடுகளின் தண்மையை நாடுவது. வண்டா தெசெலாற்றா என்பதோ வறண்ட வலயத் தாழ்நிலங்களில், வெயில் படும் மரக்கிளைகளைப் பற்றி வாழ்வது. பசுமையும் கபிலமும் கலந்து வலைப்பின்னல்போற் கோடிட்ட இதழ்களும், நீலமோ ஊதாவோ தோய்ந்த உதடும், இனிய நறுமணமும் அதன் சிறப்புகள். குடாநாட்டு வீட்டுக்கு ஏற்ற ஓர்க்கிட் இதுவே.

வண்டா என்னும் பெயர் வடமொழியிலுள்ள வந்தாகா என்ற சொல்லிலிருந்து வந்தது. மரத்தின்மேல் வளரும் ஒட்டுண்ணிச் செடிகளையும் அச்சொல் குறிக்கும். ஆயினும் வண்டா, மாமரத்திற் படரும் குருவிச்சையைப் போன்றதன்று. குருவிச்சை தன் வேர்ப்பகுதியை மரத்தினுட் செலுத்தி அதன் சாற்றை உறிஞ்சுகிறது. வண்டாவோ மரத்தில் இருக்க இடம் மட்டுமே பெறுகிறது. இத்தகைய செடிகளை மேலொட்டிகள் என்பர். ஆகவே, இதனைக் கட்டிவைத்தால் மரம் பட்டுவிடும் என அஞ்ச வேண்டியதில்லை.

இனி, வேரின் இயல்பைக் காண்போம். வண்டாவின் தடித்த வேர்கள் காற்றிலே தொங்குவன. வேரைச் சுற்றிக் கடற்பஞ்சு போன்ற உறையொன்று உண்டு. மழைநீர் பட்டதும் அது விரைந்து உறிஞ்சிக்கொள்ளும். உலர்ந்த வேர் வெள்ளி நிறமாகத் தோன்றும். நனைந்ததும் உள்ளிருக்கும் பச்சை நிறம் வெளித்தெரியும். எப்போதும் நனைந்தே இருந்தால் காற்றோட்டமின்றி வேர் அழுகும். ஆகையால், வெள்ளி நிறம் திரும்பிய பின்னரே மீண்டும் நீர் தெளிக்கவேண்டும். இந்நிறமாற்றத்தைக் கவனிக்கப் பழகியவருக்கு வேறு அளவுகோல் வேண்டியதில்லை.

செடியை மரத்திற் கட்டுவதாயின் சொரசொரப்பான பட்டையுள்ள மா, புளி, இலுப்பை ஆகியவை நல்லவை. மருதடிப் பிள்ளையாரால் பெயர்பெற்ற ஊரேயாயினும், மருதமரம் இதற்கு ஏற்றதன்று. கொய்யாவைப் போலவே அதுவும் பட்டையை உரித்துவிடும். தென்னந் தும்புக் கயிற்றாற் செடியை அசையாமற் கட்டினால், புதிய வேர்கள் தாமே பட்டையைப் பற்றிக்கொள்ளும். மரமில்லாதவர் மரச்சட்டக் கூடையிலோ துளைகள் பல இட்ட மட்பானையிலோ கரித்துண்டும் ஓட்டுத்துண்டும் இட்டு வளர்க்கலாம். மண் சிறிதும் கூடாது.

காலை வெயில் செடிக்கு நன்று. புதிதாகக் கட்டிய செடிக்கு நண்பகலில் கிடுகு நிழல் வேண்டும். இலை கரும்பச்சையாகித் துவண்டால் வெளிச்சம் போதவில்லை. வெளிறிக் கருகினால் வெயில் மிகுதி. நீரைக் காலையிலேயே தெளிப்பது முறை. இலைக் குருத்தில் நீர் தேங்கலாகாது. புரட்டாதி கழிந்து மாரி மழை தொடங்கியதும் நீர் தெளிப்பதைக் குறைத்து, காற்றோட்டமான இடத்தில் வைத்தல் வேண்டும்.

குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணாம்புப் பாறையிலிருந்து நீர் பெறுவன. அந்நீரையே தொடர்ந்து தெளித்தால் வேரின்மேல் வெண்படலம் படிந்து, நீர் உறிஞ்சுவது தடைப்படும். பீலி வழியே வரும் மழைநீரை, நுளம்பு புகாதபடி மூடிய கலத்திற் சேர்த்து வைப்பது சிறந்தது. அந்நீர் முடிந்தவிடத்து, இயன்றபோதெல்லாம் நல்ல நீரால் வேரைக் கழுவிவிடலாம். உரமிடுவதாயின், பொதியிற் குறித்த அளவின் காற்பங்கே போதும்.

செடியை எங்கே பெறுவது என்பது முக்கியமான கேள்வி. காட்டு மரத்திலிருந்து பெயர்த்தெடுப்பது தகாது. ஓர்க்கிட் விதை தூசியினும் நுண்ணியது. தன்னுள் உணவுச் சேமிப்பு இல்லாதது. காட்டிலே உரிய பூஞ்சையின் துணை கிடைத்தாலன்றி அது முளைத்து வளர்வதில்லை. ஒரு காயில் எண்ணற்ற விதைகள் இருந்தும் மரமாகிய இடத்தை அடைந்து பிழைப்பவை மிகச் சிலவே. அவை பூக்கவும் ஆண்டுகள் பல செல்லும். எனவே பெயர்த்தெடுத்த ஒரு செடியின் இடம் எளிதில் நிரம்புவதில்லை. 1922ஆம் ஆண்டில் லூயிஸ் நட்சன் என்னும் அமெரிக்க அறிஞர், பூஞ்சையின்றிச் சர்க்கரை சேர்ந்த ஊட்டக்கூழில் விதைகளை முளைக்கச் செய்யலாம் எனக் காட்டினார். இன்று நாற்றுப்பண்ணைகளில் ஓர்க்கிட் கன்றுகள் கிடைப்பது அவ்வழியின் பயனாகும். முதிர்ந்த வண்டாவின் அடியிற் கிளைக்கும் கன்றையும், அதற்கென வேர்கள் தோன்றிய பின் பிரித்து அயலவருக்குக் கொடுக்கலாம்.

பொறுமையோடு பேணினால் கோடைக் காலத்தில் பூந்தண்டு வெளிவரும். விரிந்த பூக்கள் பல நாட்கள் வாடாமல் நிற்கும். ஓர்க்கிட் தமக்கு வராது என்று கைவிட்டவர்கள், மண்ணையும் வாளியையும் ஒருபுறம் வைத்துவிட்டு, வேரைப் பார்த்து மறுமுறை முயன்று பார்க்கலாம்.