மாத்திரையை நிறுத்தாதீங்க, நோட்டுல எழுதுங்க!



வேதாரண்யத்தில் நடந்த கூட்டத்தில் ஒரு அக்கா கண்கலங்கி எங்களிடம் கேட்டார்: "எங்க மாமனாருக்கு நடுக்குவாத மாத்திரை கொடுக்கிறோம். இப்ப ராத்திரியானா மூலையில யாரோ உட்கார்ந்திருக்காங்கன்னு சொல்றாரு. காத்து கருப்பு, மந்திரிக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. மாத்திரையை நிறுத்திடவா?"

நிறுத்தவே கூடாது. திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதத்தில் மூளையில் டோபமின் என்ற பொருள் குறைந்துவிடும். லெவோடோபா மாத்திரை அதை ஈடுகட்டுகிறது. பூனைக்காலி விதையிலும் லெவோடோபா உண்டு. 1937-இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற ஆராய்ச்சியாளர்கள் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதனால் மாத்திரையோடு பூனைக்காலிப் பொடியும் கொடுத்தால் மருந்து அளவு கூடிப்போகும். டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீங்க.

பக்க விளைவு வந்தால் நாம் செய்ய வேண்டியது:

குமட்டல்: மாத்திரையோடு ஒன்றிரண்டு பிஸ்கட் கொடுக்கலாம். வாந்திக்குக் கடையில் நாமே மருந்து வாங்கக் கூடாது. மெட்டோகுளோபிரமைடு போன்ற சில வாந்தி மருந்துகள் இந்த நோயை அதிகமாக்கும். ஊசி போடும் முன் "இவருக்கு நடுக்குவாதம்" என்று சொல்லுங்கள்.

தலைசுற்றல்: எழுந்ததும் இரத்த அழுத்தம் இறங்குவதால் வரும். கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார வைத்து, பிறகு நிற்க வையுங்கள். நம்ம ஊர் உப்பு விளையும் ஊர்தான். ஆனாலும் சாப்பாட்டில் உப்பைக் கூட்டலாமா என்று டாக்டர்தான் சொல்லணும்.

இல்லாதது தெரிவது: இது பேயும் இல்லை, பிசாசும் இல்லை. மருந்தாலும் வரலாம், நோயாலும் வரலாம், சிறுநீர்த் தொற்றாலும் வரலாம். வாக்குவாதம் வேண்டாம். விளக்கைப் போட்டுப் பக்கத்தில் இருங்கள். சீக்கிரமே டாக்டரிடம் காட்டுங்கள்.

கை கால் தானாக நெளிவது, அடுத்த வேளைக்கு முன்பே விறைத்துப் போவது: மாத்திரையின் அளவையோ நேரத்தையோ டாக்டர் மாற்ற வேண்டியிருக்கும்.

மீன், முட்டை, பருப்பு மருந்து வேலை செய்வதைக் குறைக்கலாம். குமட்டல் இல்லாதவருக்குச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரை கொடுப்பது நல்லது.

குழுக் கணக்கு எழுதுகிற நமக்கு இது பெரிய காரியமா? மாத்திரை கொடுத்த நேரம், சாப்பிட்ட நேரம், என்ன தொந்தரவு எப்போது வந்தது என்று தினமும் எழுதுங்கள். அந்த அக்கா ஒரு வாரம் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினார். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். இப்போது மாமனாரும் தூங்குகிறார், அக்காவும் தூங்குகிறார்.

உங்கள் குழுவில் இப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் சகோதரி இருந்தால், வாரத்தில் ஒரு மணி நேரம் அவருக்குப் பதிலாக நீங்கள் போய் உட்காருங்கள். அதுவும் குழுச் சேமிப்புதான்.