நீங்க ஜி.பி.எஃப்.பா, சி.பி.எஸ்.ஸா?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர் இருவர் ஓய்வு பற்றிப் பேச உட்கார்ந்தால் முதலில் வரும் கேள்வி, "சார், நீங்க ஜி.பி.எஃப்.பா, சி.பி.எஸ்.ஸா?" என்பதுதான். 1.4.2003க்கு முன் பணியில் சேர்ந்தவர் ஜி.பி.எஃப். சாதி, அன்றோ பிறகோ சேர்ந்தவர் சி.பி.எஸ். சாதி.

முன்பு இந்தக் கேள்விக்கே இடமில்லை. முப்பது ஆண்டு தகுதியான பணிக்காலம் இருந்தால் கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம். அகவிலைப்படி உயரும்போது அதுவும் கூடவே உயரும். பணிக்கொடை தனி, பொது வருங்கால வைப்பு நிதியான ஜி.பி.எஃப். சேமிப்பு தனி. ஆசிரியர் காலமானால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். ஓய்வூதியத்துக்கென்று அவர் ஒரு ரூபாயும் கட்டியதில்லை. அவர் முடிவெடுக்க வேண்டிய விஷயம் கம்யூட்டேஷன் ஒன்றுதான். ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை விட்டுக்கொடுத்தால் கையில் மொத்தமாகப் பணம் வரும். பிடித்தம் 15 ஆண்டு ஓடும். பெண் கல்யாணமோ பாதியில் நின்ற வீடோ இருந்தால் யோசனைக்கே வேலையில்லை.

மற்றதெல்லாம் எழுத்தர் பாடு. பணிப்பதிவேட்டில் என்றோ வாங்கிய ஊக்க ஊதிய உயர்வுக்கு எதிரே ஒரு கையொப்பம் விட்டுப்போயிருந்தால் போதும், தேனாம்பேட்டை மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போன கோப்பு ஆட்சேபணையோடு திரும்பி வரும். கையெழுத்துப் போடவேண்டிய தலைமையாசிரியர் அதற்குள் ஓய்வுபெற்று எந்த ஊரிலோ இருப்பார். அவரைத் தேடி அலைந்தவர்கள் உண்டு. இருந்தாலும் அது தாமதம்தான், இழப்பில்லை.

2003க்குப் பிறகு அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் பிடித்தார்கள். அரசும் அதே அளவு போட்டது. மத்திய அரசின் தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்.ஸில் தமிழ்நாடு சேரவில்லை. பணத்தைத் தானே வைத்துக்கொண்டு வட்டி சேர்த்தது. ஓய்வு நாளில் அந்தத் தொகையைக் கொடுத்து அனுப்பியது. மாத ஓய்வூதியம் கிடையாது, பணிக்கொடையும் கிடையாது. இதற்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம், அதாவது சி.பி.எஸ்., என்று பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

அந்த ஆண்டுகளில் வந்தவர்களில் பலருக்கு இன்னொரு அடியும் விழுந்தது. மாதம் ஒரே தொகை என்ற தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்ட அவர்களுக்குக் காலமுறை ஊதியம் வந்தது 1.6.2006 முதல்தான். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்புக்காகக் காத்திருந்து, நாற்பதைத் தொட்டபின் பாடம் நடத்த வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஓய்வு வயது 2020இல் 59, 2021இல் 60 என உயர்ந்தது அவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் தந்தது.

2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தம் நடந்தபோது முதல் கோரிக்கை பழைய ஓய்வூதியம்தான். குழுக்கள் வந்தன, அறிக்கைகள் வந்தன. உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை 2026 ஜனவரியில் அரசு அறிவித்தது. கடைசிச் சம்பளத்தில் பாதி என்ற பழைய வாக்கு திரும்பியிருக்கிறது. 10 சதவீதப் பிடித்தம் மட்டும் போகவில்லை. முழுசாகப் பழையது இல்லை என்று குறைசொல்பவர்கள் சொல்வது சரிதான். ஆனாலும் மாத ஓய்வூதியமே இல்லாமல் வீட்டுக்குப் போவதற்கும் இதற்கும் உள்ள தூரம் சின்னதில்லை.

இப்போது ஆசிரியர் அறையில் எழுத்தரை எதிர்பார்ப்பவர் குறைவு. இளைய ஆசிரியர்கள் சி.பி.எஸ். கணக்குத்தாளைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். "டீச்சர், தொகுப்பூதிய வருஷத்தைச் சேர்ப்பாங்களா?" என்று தாமதமாகப் பணிக்கு வந்தவர் கேட்கிறார். முப்பது ஆண்டு என்பது அவருக்கு எந்தத் திட்டத்திலும் வராது.