பாக்கு அடக்கும் கன்னத்தில் புற்று வருவது ஏன்?

சூடான காபி பட்டு நாக்கு வெந்தால் சில நாட்களில் ஆறிவிடுகிறது. அவ்வளவு வேகமாகத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வாயில் புற்றுநோய் எப்படி நுழைகிறது?

அந்த வேகத்திலேயே விடையும் இருக்கிறது. வாயின் உள்தோலில் பழைய செல்கள் உதிர, புதியவை பிறந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு பிறப்பிலும் டிஎன்ஏ என்ற குறிப்பேடு நகலெடுக்கப்படுகிறது.

பாட்டியின் கோல நோட்டைப் பார்த்து அம்மா வரைகிறார். அம்மாவுடையதைப் பார்த்து மகள். ஒரு புள்ளி விட்டுப்போனால் யாராவது திருத்திவிடுவார்கள். செல்லுக்குள்ளும் அப்படித் திருத்துபவர்கள் உண்டு.

ஆனால் நோட்டின் மேல் தினமும் தண்ணீர் சிந்தினால்? புகையிலையின் நஞ்சு எழுத்தைச் சிதைக்கிறது. பாக்கும் சுண்ணாம்பும் தோலைப் புண்ணாக்க, நகலெடுக்கும் வேலை கூடுகிறது. பிழைகள் சேர்கின்றன.

புற்று உருவாக ஒரு பிழை போதாது. ‘பெருகு’ என்ற கட்டளை ஓயாமல் ஒலிக்க வேண்டும். ‘நிறுத்து’ என்ற கட்டளை அழிய வேண்டும். இதற்குப் பெரும்பாலும் பல ஆண்டுகள் பிடிக்கும். அந்த அவகாசம்தான் நம் வாய்ப்பு.

“நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்” என்கிறீர்களா? பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்திவிட்டது.

நாளைக் காலை பல் துலக்கியதும் கண்ணாடி முன் கன்னத்தை விலக்கிப் பாருங்கள். தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாயை முழுதாகத் திறக்க முடியாத இறுக்கம்: எது தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். பாக்கையும் புகையிலையையும் இன்றே விடுங்கள். நோட்டு இனியாவது நனையாமல் இருக்கட்டும்.